தேனீப் பெட்டிக்கு இரட்டைச் சுவர்

தேனீக் குஞ்சுகள் வளரக் கூட்டுக்குள் ஏறக்குறைய 35 டிகிரி சூடு வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வெயில் ஏறினால் தேனீக்கள் தேனை விட்டுவிட்டுத் தண்ணீர் சுமக்கும், இறக்கையால் விசிறும். பாவம், எவ்வளவு வேலை!

அந்த வேலையைக் குறைக்கப் பெட்டிக்கு இரட்டைச் சுவர் வையுங்கள். ரம்பம், சுத்தியல், ஆணி போதும். இரண்டு பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு, காய்ந்த மரச்சுருளை நிரப்புங்கள். இட்லியை ஹாட்பாக்ஸில் வைக்கிறோமே, அதே சங்கதிதான். மூடிக்கும் இரட்டைப் பலகை வேண்டும். வெயில் நேராக இறங்குவது அங்கேதான்.

உள்ளளவை மட்டும் நம் இந்தியத் தேனீக்கான நியூட்டன் பெட்டியைப் பார்த்து அப்படியே எடுங்கள். உள்பக்கம் பெயின்ட் வேண்டாம். பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள், எறும்பு ஏறாது.