வேரை மாற்றும் வித்தை

தக்காளித் தோட்டம் ஒன்றை நேயர்கள் மனக்கண் முன் நிறுத்திக்கொள்ளலாம். நாற்று நட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. செடிகள் செழித்துப் பூத்து, முதற் பிஞ்சும் பிடித்துவிட்டன. கமக்காரர் காலையிலே தண்ணீர் இறைத்துவிட்டுப் போகிறார். நண்பகலில் வந்து பார்க்கும்போது வரிசையின் நடுவிலே ஒரு செடி தலை தொங்கி நிற்கிறது. இலை பழுக்கவில்லை, புழு அரித்த அடையாளமும் இல்லை, பச்சையாகவே வாடியிருக்கிறது. மாலையில் சற்று நிமிர்கிறது. மறுநாள் மீண்டும் சாய்கிறது. சில நாளில் அது எழும்புவதேயில்லை. அதற்கிடையில் அயலிலே நின்ற செடிகளும் சாயத் தொடங்கிவிடுகின்றன. தண்ணீர் போதவில்லையோ என்று எண்ணி அவர் இன்னுமொருமுறை இறைக்கிறார். அந்த நீரே நோயை அடுத்த பாத்திக்குக் கொண்டு செல்கிறது.

இந்த நோயை இனங்காண்பதற்குப் பெரிய ஆய்வுசாலை எதுவும் வேண்டியதில்லை. வாடிய செடியின் அடித்தண்டிலே ஒரு துண்டை வெட்டி, கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில் வெட்டுவாய் சற்றே அமிழும்படி அசையாது பிடித்திருக்க வேண்டும். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல ஒன்று நீரினுள் இறங்குமாயின், அது பற்றீரிய வாடல். அந்த வெண்ணூல் முழுவதும் கோடிக்கணக்கான பற்றீரியாக்களே. நீரை மேலேற்றும் காழ்க்குழாய்களை அவை அடைத்துக்கொண்டிருந்தன. காலடியில் நீர் நிற்கவும், செடி தாகத்தால் மடிந்தது.

மண்ணிலுள்ள பகை இது ஒன்று மட்டுமன்று. பியூசேரியம் என்னும் பங்கசும் வேர்வழி புகுந்து அதே குழாய்களைக் கெடுக்கும். பயிர் இல்லாத காலத்திலும் தடித்த சுவருடைய வித்திகளாகிப் பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்கும். மூன்றாவது, வேர்முடிச்சு வட்டப்புழு. அதன் குஞ்சின் நீளம் அரை மில்லிமீற்றருக்கு மேற்படாது, வெறுங்கண்ணுக்குத் தென்படாது. வேரின் நுனியால் உட்புகுந்து ஓரிடத்தில் நிலைத்துவிட்டால், அவ்விடம் வீங்கி முடிச்சாகும். பெண் புழு ஒன்று சில நூறு முட்டைகளை இடும். வெப்பமான மண்ணிலே ஏறத்தாழ ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை ஆயத்தமாகிவிடும். பிடுங்கிய செடியின் வேர் மணிமாலைபோல முடிச்சு முடிச்சாய் இருப்பதைக் கண்டவர்கள், பசளை குறைந்தது என்று இனிமேல் எண்ணமாட்டார்கள்.

பயிரை மாற்றி நட்டால் என்ன என்று கேட்கலாம். நல்ல வழிதான், ஆனால் எதை எதனால் மாற்றுவது என்பதிலே இடறல் இருக்கிறது. வலிகாமத்துச் செம்மண்ணிலே புகையிலையும் மிளகாயும் தக்காளியும் கத்தரியும் நெடுங்காலமாகப் பயிராகிவருகின்றன. பார்வைக்கு நான்கு பயிர்கள்; தாவரவியலார் கணக்கிலோ ஒரே குடும்பம். புகையிலைக்குப் பின் மிளகாய் வைத்தவர் பயிரை மாற்றினார் என்று சொல்லலாம். வட்டப்புழுவுக்கோ பற்றீரியாவுக்கோ வீடு மாறவில்லை. நெல்லையோ சோளத்தையோ இடையிட்டு நீண்டகாலம் காத்திருக்கப் பரந்த நிலம் வேண்டும். இரண்டு பரப்பை நம்பி வாழும் குடும்பத்துக்கு அந்தப் பொறுமையை யார் கொடுப்பது?

இவ்விடத்திலேதான் ஒட்டுதல் என்னும் உபாயம் வந்து சேர்கிறது. ஒட்டு என்றவுடன் யாழ்ப்பாணத்தவருக்குக் கறுத்தக்கொழும்பான் நினைவுக்கு வரும். கொட்டையிலிருந்து எழுந்த ஏதோவொரு மாங்கன்றின் வேர். அதன்மேல் நற்சாதி மரத்தின் கிளை. பல்லாண்டு நின்று பயன்தரும் மரத்துக்கு அந்தப் பாடு தகும். நான்கு மாதத்தில் முடிந்துபோகும் தக்காளிக்கும் வத்தகைக்கும் செடிக்குச் செடி அறுத்து ஒட்டுவதா என்று முதலில் கேட்டவர்கள் நகைத்திருந்தாலும் வியப்பில்லை.

அந்தப் பாட்டைத் துணிந்து பட்டவர்கள் யப்பானியரும் கொரியரும் ஆவர். 1920களின் பிற்பகுதியில், பியூசேரியம் வாடலால் வத்தகைத் தோட்டங்கள் அழிவதைக் கண்டு, வத்தகை நாற்றைப் பூசினி, சுரை ஆகியவற்றின் வேரில் ஒட்டத் தொடங்கினர். இதன் நுட்பம் எளியது. பியூசேரியத்திலே பயிருக்கொரு வகை உண்டு; வத்தகையைக் கொல்லும் வகை சுரையின் வேரிலே செயலற்றுப் போகும். ஆதலால் மண்ணிலே நோய் இருந்தபடியே இருக்க, அதன் மேலேயே வத்தகை காய்த்தது. சுரைக்கொடிகளை ஒன்றோடொன்று இணைப்பது கீழைநாட்டுக்கு முன்னரே பழக்கமான செயல். கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டிலே சீனத்தில் வாழ்ந்த பான் செங்சி, பத்துச் சுரைக்கொடிகளை ஒருங்கு கட்டி, ஒன்றை மட்டும் வளரவிட்டுப் பெருங்காய் பெறும் முறையை எழுதிவைத்திருக்கிறார். அவர் தேடியது காயின் பருமனை. நோயைப் பற்றிய எண்ணம் அங்கே இல்லை. பிற்காலத்தவர் அதே கைப்பழக்கத்தை வேறொரு தேவைக்குத் திருப்பிக்கொண்டனர். 1950களில் கத்தரியும் 1960களில் தக்காளியும் யப்பானிலே இவ்வழியில் சேர்ந்தன. இன்று அவ்விரு நாடுகளிலும் விளையும் வத்தகையில் மிகப் பெரும்பங்கு ஒட்டுச்செடியிலேயே காய்ப்பது.

மேலைநாடுகள் வேறு பாதையிற் சென்றன. மெதைல் புரோமைட்டு என்னும் நச்சுவாயுவை மண்ணிலே செலுத்திப் பொலித்தீன் விரிப்பினால் மூடிவிடுவார்கள். புழு, பங்கசு, களைவிதை யாவும் மடியும். அவற்றோடு மண்ணிலுள்ள நல்லுயிர்களும் மடியும். நிறமோ எளிதில் உணரத்தக்க மணமோ இல்லாத வாயுவாதலால், மனிதருக்கும் ஆபத்து மிக்கது. வானிலே ஏறி ஓசோன் படையையும் அது அரிப்பது தெரியவந்தபின், 1992இல் மொன்றியல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. மண்ணுக்கு அதனை இடுவதைக் கைவிட, வளர்ந்த நாடுகளுக்கு 2005உம் வளர்முக நாடுகளுக்கு 2015உம் எல்லையாயின. சில விதிவிலக்குகளும் இருந்தன. வாயு கைவிட்டுப்போகவே, மத்தியதரைக் கடலோரத்து நாடுகள் கீழைநாட்டாரின் சவரக்கத்தியை நாடின. மண்ணைக் கொன்று பயிரை வாழவைப்பதிலும், மண்ணைத் தாங்கும் வேரைத் தேடிக்கொடுப்பது மேல் என்ற அறிவு இப்படிச் சுற்றிவளைத்து வந்தது.

வெப்பவலயத்துக்கு இதனை இசைவித்ததில் தாய்வானிலுள்ள உலக மரக்கறி நிலையத்துக்குப் பெரும்பங்குண்டு. அது 1971இல் தொடங்கப்பட்டது. அங்கே தெரிவுசெய்த கத்தரி வகைகளுள் ஈஜீ 203 என்பது பற்றீரிய வாடலையும் வேர்முடிச்சுப் புழுவையும் தாங்கும். நீர் தேங்கிய மண்ணிலும் சில நாள் உயிரோடிருக்கும். மழைகாலத்துத் தக்காளியை இதன் வேரில் ஒட்டும்படி அந்நிலையம் வழிகாட்டியது. வியட்நாமின் லாம் டொங் மாகாணத்து மேட்டுநிலங்களிலே பற்றீரிய வாடல் தக்காளியை வாட்டியபோது, ஹவாய் 7996 என்னும் தக்காளி வகை ஒட்டுக்கட்டையாய்க் கைகொடுத்தது. அங்கே ஒட்டு நாற்று வாங்கி நடுவது இன்று வழமையான காரியமாகிவிட்டது.

செய்முறை கையளவு வேலைதான். வேர் கொடுக்கும் நாற்றுக்கு ஒட்டுக்கட்டை என்றும், மேலே இணைக்கும் தண்டுக்கு ஒட்டுமுளை என்றும் பெயர். கத்தரி மெதுவாக வளருமாதலால் அதனைத் தக்காளிக்குச் சில நாள் முன்னதாக விதைக்க வேண்டும். இரண்டு மூன்று இலை விட்டு, தண்டு இரண்டு மில்லிமீற்றரை அணுகும் பருவத்தில், இரு நாற்றுக்களையும் ஒரே சரிவாகக் கூரிய அலகினால் வெட்டி, வெட்டுமுகங்களைப் பொருத்தி, சிறிய இறப்பர்க் குழாயினால் இறுக்குவார்கள். இரண்டு தண்டும் ஒரே தடிப்பாய் இருந்தால்தான் மாறிழையத்தோடு மாறிழையம் பொருந்தும். பின்னர் வெளிச்சம் குறைந்து, ஈரப்பதன் 85 வீதத்துக்கு மேற்பட்ட பொலித்தீன் கூடாரத்திலே சில நாள் வைத்து, மெல்ல மெல்ல வெளிச்சத்துக்குப் பழக்குவார்கள். ஒட்டுமுளைக்கு இன்னும் நீர் ஏறாத அந்த நாட்களிலே கூடாரத்தை அடிக்கடி திறந்து பார்க்கும் ஆர்வமே பல நாற்றுக்களை மாய்த்துவிடும்.

எந்த வேரிலும் எதனையும் ஒட்டலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. புகையிலையின் நிக்கொற்றீன் இலையில் உண்டாவதாகவே நெடுங்காலம் பலர் கருதினர். 1942இல் டோசன் என்பவர் தக்காளியைப் புகையிலை வேரிலே ஒட்டியபோது, தக்காளி இலையில் நிக்கொற்றீன் சேர்ந்தது. வேரே அதனை ஆக்கி மேலே அனுப்புவது தெளிவாயிற்று. ஊமத்தையும் அதே குடும்பம். அமெரிக்காவிலே, ஊமத்தை வேரில் ஒட்டிய தக்காளியின் பழத்தை உண்டவர்கள் மயங்கிப் பிதற்றி மருத்துவமனைக்குப் போன நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. வேலியோரத்து ஊமத்தை வலியது என்று அதனைத் தேடிப்போவார் உயிரோடு விளையாடுகிறார்.

நஞ்சில்லாத வேரும் எல்லா இடத்துக்கும் ஏற்றதன்று. தக்காளி ஒட்டுக்கட்டைகள் பலவற்றிலே வட்டப்புழுவைத் தடுக்கும் காரணி, காட்டுத் தக்காளி ஒன்றிலிருந்து பெறப்பட்டது. மண்வெப்பம் 28 பாகை சதமத்தைத் தாண்டியபோது அது தளர்ந்துவிடும். குளிர்நாட்டில் வென்ற விதையைப் பெட்டியிலுள்ள படத்தை நம்பி வாங்குபவர், யாழ்ப்பாணத்து வைகாசி வெயிலையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். பூசினி வேர் மற்றொரு விதமாய் ஏமாற்றும். அது புழுவைத் தடுப்பதில்லை. தன் வலிமையாற் பொறுத்துக்கொள்ளும். விளைச்சல் நன்றாயிருக்க, அறுவடையின்பின் மண்ணிலே புழு முன்னையிலும் பெருகியிருக்கும். சுரையைத் தாக்கும் பியூசேரிய வகையொன்றும் யப்பானிலேயே பின்னர் காணப்பட்டது.

கத்தரிக்கு இங்கு எளிதிற் கிடைக்கக்கூடிய வேர் சுண்டை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இலங்கையின் வழியோரங்களிலே தானாய் முளைத்து நிற்கும் இச்செடி, வேர்முடிச்சுப் புழுவையும் பல வாடல் நோய்களையும் தாங்குவதால், யப்பானிலும் இத்தாலியிலும்கூடக் கத்தரிக்கு ஒட்டுக்கட்டையாய்ப் பயன்படுகிறது. ஆனால் அதன் விதை முளைக்கத் தாமதிக்கும், ஒருசீராயும் முளைக்காது. ஆகவே கத்தரிக்குப் பல வாரம் முன்னதாக, வேண்டியதிலும் கூடுதலாக விதைத்து, தடிப்பு ஒத்தவற்றைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

நடும்போது மற்றொரு கவனம். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். தக்காளியைத் தண்டு புதைய ஆழமாய் நட்டுப் பழகிய கை, வழக்கம்போல ஒட்டுநாற்றையும் புதைத்து மண் அணைத்துவிடும். அப்பொழுது மேலுள்ள தக்காளித் தண்டு தன் சொந்த வேரை விடும். பற்றீரியா அந்த வேர்வழியே உள்ளே போகும். கீழே ஒட்டுக்கட்டையிலிருந்து துளிர் எழுமானால் அதையும் கண்டவுடன் கிள்ளிவிட வேண்டும்; விட்டால் சுண்டையே தோட்டத்தை ஆளும்.