சிறியதன் வியப்பு



மாங்கனியைப் பிளந்தால் உள்ளிருந்த கொட்டை வெளிப்படும். விரைந்து வரும் புரோட்டான்கள் மோதும்போது நிகழ்வது அத்தகையதன்று. மோதலின் ஆற்றலே பொருளாக மாறி, முன்பு இல்லாத துகள்களைப் பிறப்பிக்கிறது.

ஜெனீவாவை அடுத்து, நிலத்தடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைந்த செர்ன் வளையத்தில், 2010ஆம் ஆண்டு ஈய அணுக்கருக்கள் முதன்முதலாக மோதவிடப்பட்டன. ஓர் ஈய அணுக்கருவில் புரோட்டானும் நியூட்ரானுமாக 208 துகள்கள் உள்ளன. அவற்றின் உள்ளுறுப்புகள் குவார்க்குகள். அவற்றைப் பிணைப்பன குளுவான்கள். நேருக்கு நேரான மோதலில் இப்பிணைப்பு நெகிழ, இரண்டும் கணப்பொழுது நீர்மம்போல் ஓடுகின்றன. பின் அந்நீர்மம் குளிர்ந்து, ஆயிரக்கணக்கான துகள்களாகச் சிதறுகிறது.

'விந்தை' எனப் பொருள்படும் ஸ்ட்ரேஞ்ச் குவார்க் இந்நீர்மத்தில் மிகுதியாகத் தோன்றும் என்று 1982இல் ரஃபெல்ஸ்கியும் முல்லரும் கணித்தனர். அம்மிகுதி கனத்த அணுக்கருக்களின் மோதலில் காணப்பட்டது. புரோட்டானோ மிகச் சிறியது. ஆகவே அதன் மோதல் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக மட்டுமே கொள்ளப்பட்டது.

2017இல் ஆலிஸ் ஆய்வுக்குழு வெளியிட்ட முடிவு இவ்வெண்ணத்தை அசைத்தது. மிகுதியான துகள்களை ஈனும் புரோட்டான் மோதல்களிலும் விந்தைத் துகள்களின் விகிதம் படிப்படியாக உயர்ந்து, ஈய மோதலின் அளவை நெருங்கியது. அங்கும் நீர்மத்துளி உருவாகிறதா, வேறு காரணம் உண்டா என்னும் விவாதம் இன்னும் முடியவில்லை.

அளவுகோலே அளக்கப்பட வேண்டிய பொருளாயிற்று. அடிகளை எண்ணிப் பாட்டின் ஆழத்தை முடிவுசெய்வோரும் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.