உங்க ஏசிக்கு எந்த மெஷின் ஓடணும்?

ராஜா அண்ணாமலைபுரத்துல ராத்திரி பத்தரைக்கு நீங்க ஏசி போட்டா, எங்கேயோ ஒரு ஜெனரேட்டர் கூடுதலா உழைக்கணும். எந்த ஜெனரேட்டர்?

ஒரு நாளை 15 நிமிஷம் வீதம் 96 துண்டாப் பிரிச்சு முன்கூட்டியே திட்டம் போடுறாங்க. அடிப்படை விதி சுலபம்: யூனிட்டுக்கு எரிபொருள் செலவு எதுல கம்மியோ, அது முதல்ல. ஆனா வடசென்னை அனல்மின் நிலையத்தை ஃபேன் மாதிரி தட்டி நிறுத்த முடியாது. ஆறிப்போனா திரும்பக் கிளப்பப் பல மணி நேரம் ஆகும், செலவும் தனி.

அதனால 'எவ்வளவு'ங்கிறதுக்கு முன்னாடி 'ஓடணுமா, வேண்டாமா'ன்னு கேக்கணும். 10 மெஷின் இருந்தா ஒரு துண்டுக்கே 1,024 வழி. 96 துண்டுக்கு ஒவ்வொண்ணா எண்ணிப் பாக்கவே முடியாது. 'இன்டீஜர் புரோகிராமிங்' முறை, தேறாத வழிகளைக் கொத்துக் கொத்தாக் கழிச்சுடும்.

இதுல நமக்கென்ன? ஆடி மாசம் ஆரல்வாய்மொழியில ராத்திரியும் காத்து அடிக்கும். நிலக்கரி யூனிட்டை ஓரளவுக்குக் கீழ இறக்க முடியாது. மின்சாரம் மிஞ்சினா, எரிபொருள் செலவே இல்லாத காத்தாலையை நிறுத்தச் சொல்லணும். 400 மெகாவாட் காடம்பாறை நிலையம் மிஞ்சினதுல தண்ணியை மேல ஏத்தி வெச்சுக்கும். ஆனா அந்த அணைக்கும் ஒரு கொள்ளளவு இருக்கே!

முந்தின நாள் கணக்கு பிசகினா, கரியும் வீண், காத்தும் வீண். அந்தச் செலவு கடைசியில கரன்ட் பில்லாத்தான் நம்ம வீட்டுக்கு வரும்.