வரி விதிக்காத வாரியம்: நியூசிலாந்தின் மாவட்டச் சுகாதார ஆட்சி

நியூசிலாந்தில் 2001 ஜனவரி 1 அன்று 21 மாவட்டச் சுகாதார வாரியங்கள் செயல்படத் தொடங்கின. மருத்துவமனை ஆட்சியில் வட்டார மக்களுக்கு இடம் தருவது அந்நாட்டுக்குப் புதிதல்ல. 1885ஆம் ஆண்டுச் சட்டமே மருத்துவமனை வாரியங்களை ஏற்படுத்தியிருந்தது. அந்தப் பழைய வாரியங்களின் செலவில் ஒரு பங்கு உள்ளூர் வரியிலிருந்து வந்தது. 1957க்குப் பிறகு முழுச் செலவையும் மத்திய அரசே ஏற்றுக்கொண்டது. வாரியம் ஊரிலேயே இருந்தது. பணப்பெட்டி தலைநகர் வெலிங்டனுக்குப் போய்விட்டது. பின்னால் வந்த சிக்கல்கள் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1991இல் வாரியங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் நீக்கப்பட்டனர். 1993இல் மருத்துவமனைகள் 23 அரசு நிறுவனங்களாக்கப்பட்டு, வணிகக் கணக்கில் நடத்தப்பட்டன. அது மக்களுக்குப் பிடிக்கவில்லை. 1999 தேர்தலில் வென்ற தொழிற்கட்சி, ஊருக்கு ஒரு வாரியம் என்ற பழைய ஏற்பாட்டை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத் திரும்பக் கொண்டுவந்தது.

ஒவ்வொரு வாரியத்திலும் 11 பேர் வரை இருந்தனர். அவர்களில் 7 பேர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 4 பேர் வரை சுகாதார அமைச்சரின் நியமனம். பூர்வகுடிகளான மாவோரி மக்களிலிருந்து குறைந்தது 2 உறுப்பினர்கள் இருக்குமாறு அமைச்சர் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, உள்ளாட்சித் தேர்தலோடு சேர்த்து அஞ்சல் வழியாக வாக்கெடுப்பு நடந்தது. 2004 முதல் எல்லா வாரியங்களுக்கும் விருப்ப வரிசைப்படி எண்ணிட்டு வாக்களிக்கும் முறை வந்தது. பெரும்பாலான ஊர்களில் ஒரே உறையில் வந்த வாக்குச்சீட்டுகளில் மேயருக்கு டிக் அடித்த கை, வாரிய வேட்பாளர்களின் நீண்ட பட்டியலுக்கு 1, 2, 3 என்று எண் போட வேண்டியிருந்தது. அந்தப் பெயர்களில் எத்தனை பேரை வாக்காளர் அறிந்திருப்பார் என்பது வேறு விஷயம்.

தேர்தல் முடிந்ததும் தலைவரையும் துணைத்தலைவரையும் நியமித்தவர் அமைச்சர். ஆண்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தவரும் அவரே. உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தவர்கள் மக்களாக இருந்தாலும், வாரியம் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியிருந்தது அமைச்சருக்கு. வரி விதிக்கும் உரிமையோ வாரியத்துக்கு இருக்கவில்லை. மக்கள்தொகை, வயது, வறுமைநிலை, இனம் ஆகியவற்றைக் கணக்கிட்டு ஒரு சூத்திரப்படி மத்திய நிதி பிரிக்கப்பட்டது. மேற்குக் கடற்கரை வாரியத்தின்கீழ் சுமார் 32,000 பேர் இருந்தனர். ஆக்லாந்தை ஒட்டிய வைட்டமட்டாவில் 5 லட்சத்துக்கு மேல். இரண்டுக்கும் ஒரே அமைப்பு.

வாரியம் தன் மருத்துவமனையை நடத்தியது. குடும்ப மருத்துவர் சேவை, முதியோர் இல்லம் போன்றவற்றைப் பிறரிடமிருந்து காசு கொடுத்து வாங்கியது. மருத்துவமனையில் பற்றாக்குறை விழுந்தால் மற்ற சேவைகளுக்கான பணத்தில் கைவைக்கும் ஆசை எழுவது இயல்பாக இருந்தது. கிஸ்போர்ன் குழந்தை ஒன்று ஆக்லாந்தின் ஸ்டார்ஷிப் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், அதன் செலவு கிஸ்போர்ன் அடங்கிய டைராஃபிட்டி வாரியத்தின் கணக்கில் ஏறியது. சில கடும் நோயாளிகளே சிறிய வாரியம் ஒன்றின் வரவு செலவைப் புரட்டிப்போடப் போதுமாயிருந்தனர்.

வாரியத்துக்கும் அமைச்சருக்கும் மோதல் வந்தபோது யார் கை ஓங்கியது என்பதை ஹாக்ஸ் பே வாரியத்தின் கதை காட்டியது. 2007 அக்டோபரில் மக்கள் தேர்ந்தெடுத்த அந்த வாரியத்தை 2008 பிப்ரவரியில் அமைச்சர் டேவிட் கன்லிஃப் கலைத்தார். உள்ளூர் மன்றங்கள் கொதித்தெழுந்தும் பயனில்லை. அதே ஆண்டில் ஆட்சி மாறிய பிறகுதான் நீக்கப்பட்டவர்களுக்கு மீண்டும் இடம் கிடைத்தது. கலைத்தவரும் அமைச்சர், திரும்ப அழைத்தவரும் அமைச்சர். இரண்டு முடிவிலும் வாக்காளருக்குப் பங்கில்லை. ஒடாகோ, சவுத்லாந்து வாரியங்கள் 2010இல் இணைந்து உருவான தெற்கு வாரியம் 2015இலும், வைகாட்டோ வாரியம் 2019இலும் பொறுப்பை இழந்து, அரசு நியமித்த ஆணையர்களின்கீழ் வந்தன.

இத்தனைக்குப் பிறகும் வாரியங்கள் வீண் என்று தள்ளிவிட முடியாது. அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருந்தன. ஓர் ஊரின் பிரசவப் பிரிவை மூட வேண்டுமென்றால், அதே ஊர்க்காரர்கள் முன்னிலையில் உட்கார்ந்து அதைப் பேச வேண்டியிருந்தது. வெலிங்டனில் எடுக்கும் முடிவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

ஹெதர் சிம்சன் தலைமையில் அரசுக்காக நடந்த சுகாதார அமைப்பின் மறுஆய்வு 2020இல் வாரியங்களின் எண்ணிக்கையைக் குறைக்கவும் தேர்தலைக் கைவிடவும் பரிந்துரைத்தது. அரசு அதற்கும் ஒரு படி மேலே போனது. 2022 ஜூலை 1 அன்று எஞ்சியிருந்த 20 வாரியங்களும் கலைக்கப்பட்டு, நாடு முழுமைக்கும் ஒரே அமைப்பு வந்தது. இரண்டே ஆண்டில், 2024 ஜூலையில், அதன் வாரியமும் நீக்கப்பட்டு ஓர் ஆணையர் அமர்த்தப்பட்டார். இம்முறை நீக்கப்பட்டவர்களில் மக்கள் தேர்ந்தெடுத்தவர் ஒருவர்கூட இல்லை.