மணநீக்கத் தீர்ப்பும் சீதனக் காணியும்

(வடபகுதிக் கமக்காரரும் ஆசிரியரும் அரசாங்க உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



காணி உறுதியைப் பற்றிப் பேசுக என்றால் நம்மவர் விடியுமட்டும் பேசுவர். எல்லை வேலி, வாய்க்கால், கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை என எதையும் விடமாட்டார். மணநீக்கத் தீர்ப்பு என்ற சொல் எழுந்தால் மட்டும் குரல் தாழ்ந்துவிடும். அந்தத் தீர்ப்பும் ஒரு காணிப் பத்திரமே என்பதைச் சொல்லவே இன்று இம்மேடையில் நிற்கின்றேன்.

தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணொருத்தி, பெற்றோர் தந்த சீதனக் காணியேயாயினும், கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி அதனை விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு அவ்வாறே விதிக்கின்றது. நூறாண்டு கடந்த இவ்விதி பெண்ணின் சொத்துக்குப் பெண்ணே உடையவள் என்ற நீதிக்குப் பொருந்துமா? பொருந்தாது என்பதே என் எண்ணம். ஆயினும் அது சட்டப் புத்தகத்தில் இருக்கும்வரை நொத்தாரிசு அதனைப் புறக்கணிக்க இயலாது.

முப்பது ஆண்டுகளுக்கு முன் நீதிமன்றம் சென்று மணநீக்கம் பெற்ற ஒரு தாய், மகளின் படிப்புக்காக இரண்டு பரப்புக் காணியை விற்க முன்வருகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். நொத்தாரிசு கேட்கும் முதற் கேள்வி, "கணவர் எங்கே?" என்பதாகும். பிரிந்துவிட்டோம் என்பது அதற்கு மறுமொழியாகாது. ஊரறியும் என்பதும் மறுமொழியாகாது. தீர்ப்பாணையின் அத்தாட்சிப் பிரதி ஒன்றே மறுமொழியாகும். மறுமணம் செய்ய விரும்புவோர்க்கும், வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் அழைப்பித்த தாய் தந்தையர்க்கும் இந்நிலையே நேர்கின்றது.

அப்பொழுதுதான் தேடல் தொடங்குகின்றது. எங்கே தேடுவது? நம்மவர் பலர் முதலிற் செல்வது பிரதேச செயலகத்துக்கு. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகள் அங்கே கிடைப்பதால் மணநீக்கமும் அங்கேயே கிடைக்கும் என்று நம்புகின்றனர். பொதுவான விவாகப் பதிவுச் சட்டத்தின்கீழ் மணந்தோரின் மணத்தை நீக்க வல்லது மாவட்ட நீதிமன்றமே. ஆதலின் ஏடும் நீதிமன்றத்திலேயே இருக்கும். முஸ்லிம் மக்களின் மணநீக்கம் காதி நீதிமன்றத்தைச் சேர்ந்தது. கண்டியச் சட்டப்படி மணந்தோரின் மணநீக்கம் மாவட்டப் பதிவாளரைச் சேர்ந்தது. அவை வேறு வழிகள்.

எந்த மாவட்ட நீதிமன்றம்? தேடல் பெரும்பாலும் பிழைப்பது இவ்விடத்தே. மணம் பதிவான ஊரை வைத்துத் தேடுவோர் உளர், அது வழியன்று. குடியியல் நடைமுறைக் கோவையின் 597 ஆம் பிரிவின்படி, வழக்காளி வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே வழக்கிடப்படும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "வழக்கிட்டவர் அன்று எங்கே குடியிருந்தார்?" என்பதே. நல்லூரில் மணந்து, கொழும்பிலே உத்தியோகம் பார்த்த கணவன் வழக்கிட்டிருந்தால், ஏடு கொழும்பில் இருக்கும். யாழ்ப்பாணத்து அலுமாரிகளைத் திறந்து மூடுவதாற் பயனில்லை. குடாநாட்டுக்குள்ளும் யாழ்ப்பாணம், பருத்தித்துறை, சாவகச்சேரி, மல்லாகம் என நீதிமன்றங்கள் பல. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல். அதற்கு முன்னர் அது யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதி. இன்றைய எல்லையை வைத்துப் பழைய வழக்கைத் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவது வியப்பன்று.

நீதிமன்றம் தெரிந்தபின் வேண்டுவது வழக்கிலக்கம். வீட்டில் அழைப்பாணைத் துண்டு, வழக்கறிஞரின் பற்றுச்சீட்டு, பழைய கடிதம் எதுவாயினும் தேடிப் பாருங்கள். இலக்கம் அவற்றின் தலைப்பில் இருக்கும். மணநீக்க வழக்கின் இலக்கத்தோடு ‘டி’ என்னும் ஆங்கில எழுத்துச் சேர்ந்திருப்பதைப் பல ஏடுகளிற் காணலாம். இலக்கம் கிடையாதெனின், வழக்காளி, எதிராளி இருவரின் முழுப்பெயரும் ஏறத்தாழ வழக்கிட்ட ஆண்டும் கொண்டு பதிவாளரை அணுகி வழக்குப் பதிவேட்டிற் பார்க்கச் செய்யவேண்டும். பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமும் எழுதிக் கொடுங்கள். நம் பெயர்களை வெள்ளைக்காரன் எழுத்தில் எழுதியவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு புலவர்!

தேடிக் கிடைத்த ஏட்டிலிருந்து எதனைக் கேட்பது? தீர்ப்பு என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் தவறான தாள் கைக்கு வரலாம். நம் சட்டத்தில் மணநீக்கம் இரு படியாக நிகழ்கின்றது. முதலில் வழங்கப்படுவது ‘நைசை’ எனப்படும் நிபந்தனைத் தீர்ப்பாணை. குறைந்தது மூன்று மாதம் கழிந்த பின்னரே அது முடிவான தீர்ப்பாணையாக்கப்படும். முதற்றாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மணம் நீங்கிற்று என்று எண்ணுவது பெருந்தவறு. முடிவாக்கப்படுமுன் செய்த மறுமணம் செல்லாது. ஆதலின் முடிவான தீர்ப்பாணையின் பிரதியைக் கேளுங்கள். சீதனமும் பிள்ளைகளின் பராமரிப்பும் பற்றி இருவரும் இணங்கியிருந்தால் அவ்விணக்கத்தின் பிரதியையும் கேளுங்கள். வழக்கில் நிகழ்ந்தவை யாவும் நாள்வாரியாக நீதிபதியின் கையொப்பத்துடன் குறிக்கப்படும் நாட்குறிப்பு ஏட்டில் உண்டு. முடிவான தீர்ப்பாணை எப்போது வழங்கப்பட்டது என்பதில் ஐயம் எழுந்தால் அக்குறிப்பே தீர்க்கும்.

வழக்கில் ஒருவராயிருந்தவர் சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் இட்டு, உரிய கட்டணம் செலுத்திப் பிரதி பெறலாம். நீதிமன்ற ஏடு பகிரங்கப் பத்திரம் என்றும், பார்வையிடும் உரிமையுடையோர்க்கு அதன் அத்தாட்சிப் பிரதி கொடுக்கப்படவேண்டும் என்றும் சாட்சியக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. இறந்தவரின் வாரிசுகள் தம் தேவையை விளக்கிக் கேட்பது முறையே. அயலவர் வீட்டுக் கதையை அறியும் ஆவலிற் கேட்பது வேறு. அதற்குப் பதிவாளர் கதவடைத்தால் நான் அவர் பக்கமே நிற்பேன்.

இனி மொழிச் சிக்கல். பழைய ஏடுகள் ஆங்கிலத்தில் உள்ளன. வடக்குக் கிழக்குக்கு வெளியேயுள்ள நீதிமன்றங்களின் பதிவு மொழி சிங்களம். 1988 இல் வந்த பதினாறாவது திருத்தம் தமிழையும் நீதிமன்ற மொழியாக்கியது உண்மை. ஆயினும் கொழும்பிலே வழக்காடிய தமிழனுக்குக் கிடைக்கும் தீர்ப்பாணை இன்றும் சிங்களத்திலேயே இருக்கும். தன் மணம் நீங்கிய தாளைத் தானே வாசிக்க இயலாத நிலையை என்னென்பது! சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு மொழிபெயர்த்து, மூலத்தோடு சேர்த்தே வையுங்கள்.

ஏடே இல்லை என்ற மறுமொழி வந்தால்? முதலில் மேன்முறையீடு நடந்ததா என்று விசாரியுங்கள். நடந்திருந்தால் மூல ஏடு மேல் நீதிமன்றத்துக்குச் சென்றிருக்கும். போரினால் நம் பகுதி நீதிமன்றங்கள் இடிந்தும் இடம்மாறியும் போயின. ஏடுகளும் அவற்றோடு அழிந்தன. அத்தகைய வழக்கில், இருதரப்பிடமும் பழைய சட்டத்தரணியின் கந்தோரிலும் எஞ்சியுள்ள பிரதிகளைத் திரட்டி, ஏட்டை மீளமைக்குமாறு நீதிமன்றத்தை வேண்டலாம். ஏடு கிடைக்கவில்லை என்பதைப் பதிவாளரிடம் எழுத்தில் பெற்றுக்கொண்டே அடுத்த அடி வையுங்கள்.

இவர்கள் எல்லாரிலும் இடர்ப்படுவோர் வேறு சிலர். விடுதலைப் புலிகள் நடத்திய நீதிமன்றங்களில் மணநீக்கம் பெற்றோர் வன்னியிலே உளர். 2009 உடன் அந்நீதிமன்றங்கள் மறைந்தன. அங்கே கிடைத்த தாளை இலங்கைச் சட்டம் தீர்ப்பாணையாக ஏற்பதில்லை. சட்டத்தின் கண்ணில் அப்பெண் இன்றும் மணமானவளே. முறைப்படி மாவட்ட நீதிமன்றத்திலே புதிதாக வழக்கிடுவதன்றி அவர்க்கு மணநீக்கம் இல்லை. ஆனால் காணியை விற்பது மட்டுமே உடனடித் தேவையாயின், நான் முன்னர் குறிப்பிட்ட அதே 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு ஒரு வழி திறந்து வைத்திருக்கின்றது. கணவன் கைவிட்டுச் சென்றாலும், அவன் இருக்குமிடம் தெரியாதாயினும், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலும், அவனுடைய சம்மதமின்றியே காணியைக் கையாள அனுமதிக்குமாறு மனைவி மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். அம்மனுவுக்கு வேண்டியவை விவாகப் பதிவுப் பிரதி, காணி உறுதி, பிரிந்து வாழ்வதைக் காட்டும் சான்று ஆகியன. அவற்றோடு வரும் தாய்மார்க்கு மனுவை எழுதிக் கொடுக்க, கூட்டம் முடிந்தபின் இம்மண்டபத்திலேயே அமர்ந்திருப்பேன்.