பாட் நிறுவும் முன்

புக்கிட் காத்தில் வட்டாரத்தில் கோயில் பூஜை நேரம், தமிழ்ப்பள்ளிக் கூட்டம், மரண அறிவிப்பு எல்லாம் இன்று கைப்பேசிக் குழுக்களில்தான் வருகின்றன. ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்கிறார்கள். தானாகப் பதில் சொல்ல ஒரு பாட் வைக்கலாமே என்கிறார்கள் நம் பிள்ளைகள். பக்கத்திலேயே புக்கிட் பெருவாங்கில் பல்லூடகப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கணினி தெரிந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. தாராளமாக வைக்கலாம்.

மென்பொருளை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் எனக்குக் கவலை. யாரோ அனுப்பிய இணைப்பைத் தட்டி, வந்த கோப்பை அப்படியே ஓடவிடாதீர்கள். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் கணினிகளில், அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்து மென்பொருளை நிறுவித் தரும் ஆப்ட் என்ற தொகுப்பு மேலாளர் உண்டு. டெபியனை இயன் மர்டாக் 1993-இல் தொடங்கினார். அதே ஆண்டில் ராபி பாயிண்டர் எழுதிய எக்டிராப் என்ற பாட், ஐஆர்சி என்ற இணைய அரட்டைக்கானது, இன்றைக்கும் டெபியனில் கிடைக்கிறது. 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எக்டிராப்' என்று ஒரு வரி அடித்தால் போதும். மின் கையொப்பத்தைச் சரிபார்த்து, அந்த பாட்டுக்கு வேண்டிய டிசிஎல் மொழியையும் சேர்த்தே இறக்கிவிடும். பின்னால் ஓட்டை ஏதும் தெரியவந்தால், அதை அடைத்த பதிப்பும் அதே வழியில் வரும். நம் கைப்பேசிக் குழுக்களுக்கு ஏற்ற டெலிகிராம் பாட் எழுத உதவும் பைத்தான் நூலகமும் டெபியனில் இருக்கிறது.

நிறுவுவதற்குத்தான் நிர்வாகி அதிகாரம் வேண்டும். ஓட்டுவதற்கு வேண்டாம். எக்டிராப்பை ரூட் என்ற நிர்வாகி கணக்கில் தொடங்கிப் பாருங்கள், ஓட மறுத்துவிடும். எழுதியவர்களே வைத்த தடை அது, நல்ல தடை. பாட் எந்நேரமும் இணையத்தில் முன்பின் தெரியாதவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதன் வழியாக ஒருவன் நுழைந்தாலும் முழுக் கணினியும் அவன் கைக்குப் போகக் கூடாது. அதனால் பாட்டுக்கென்று தனிப் பயனர் கணக்கு திறந்துவிடுங்கள். இடிமழையில் மின்சாரம் போய் வந்து கணினி மீண்டும் தொடங்கியதும் பாட் தானே எழுந்து ஓட, லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியில் அதை ஒரு சேவையாகப் பதிந்துவையுங்கள்.

டெலிகிராம் பாட் என்றால், பாட்களைப் பதிந்து தரும் பாட்ஃபாதர் என்ற டெலிகிராமின் சொந்த பாட் ஒரு டோக்கன் கொடுக்கும். நீளமான எழுத்துச்சரம். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பாட்டுக்கு முதலாளி. கோயில் பெயரில் நன்கொடை கேட்டு, தன் வங்கிக் கணக்கு எண்ணைக்கூட அவரால் அனுப்ப முடியும். வெளியே கசிந்துவிட்டால் அன்றைக்கே பாட்ஃபாதரிடம் பழையதை ரத்து செய்து, புதியது வாங்குங்கள்.

கோயில் தலைவர்களே, பள்ளிப் பொறுப்பாளர்களே, உங்கள் குழுவில் ஏற்கெனவே பாட் ஓடுகிறது என்றால், அதன் டோக்கன் யாரிடம் இருக்கிறது என்று இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.