நடுகல்லும் பூவரசம் பூவும்



போரிலே மடிந்தவனை மறவாதிருக்க நம் முன்னோர் கல் நட்டார்கள். தகுந்த கல்லைக் காண்பது, அதனைக் கொள்வது, நீராட்டுவது, நடுவது, படைப்பது, வாழ்த்துவது என ஆறு படிகளைத் தொல்காப்பியம் கூறும். மாணவர்கள் இவற்றைப் பரீட்சைக்கு மனனம் செய்து, மறுநாளே மறந்துவிடுவார்கள். அது வேறு கதை. கல்லிலே வீரனின் பெயரையும் செயலையும் பொறித்தார்கள் என்பதே இங்கு முக்கியம்.

தமிழ்நாட்டில் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றுண்டு. அதில் மாண்ட வீரனோடு அவனுடைய நாயும் நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நாயொன்றின் பெயரை இன்று வானொலியிற் சொல்ல முடிகிறது, பாருங்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். முதலாம் உலக யுத்தம் 1918 நவம்பர் 11ஆம் நாள் ஓய்ந்தது. அந்நாளின் நினைவாகப் பொப்பி மலர் இலங்கையிலும் விற்கப்பட்டது. தோட்டத்து வெள்ளைத் துரைமாரின் படைப்பிரிவொன்று 1914இல் எகிப்துக்குக் கப்பலேறி, மறு ஆண்டு கலிப்போலிப் போர்முனைக்கும் போயிருந்தது. பங்களாக்களில் அம்மலருக்கு மதிப்பிருந்ததில் வியப்பில்லை.

ஆனால் சேர்ந்த பணத்திற் பெரும்பங்கு பிரித்தானியாவுக்கே போயிற்று. போருக்குப் போய்வந்த இலங்கையருக்குக் கிடைத்ததோ சொற்பம். ஆகவே 1931இல் முன்னாள் படைவீரர்கள் வேறொரு பூவை விற்கத் தொடங்கினார்கள். சிங்களத்தில் சூரிய மல். நாம் பூவரசம் பூ என்கிறோமே, அதுதான். 1933இல் வாலிபர் அமைப்புகள் இவ்வியக்கத்தைக் கையேற்றன. அதற்குத் தலைமை தாங்கியவர் டொரின் யங் என்ற ஆங்கிலப் பெண்மணி! மடிந்தவர்மீது இவர்களுக்குப் பகையில்லை. நம்மவர் காசு நம்மவருக்கு ஏன் உதவவில்லை, ஏகாதிபத்திய யுத்தத்துக்கு நாம் ஏன் மலர் சூட வேண்டும் என்று கேட்டார்கள்.

அந்த இளைஞர்களை அடுத்த ஆண்டே நம் கேகாலையிற் காண்கிறோம். 1934 இறுதியில் பரவிய மலேரியா இம்மாவட்டத்தைக் கொடுமையாகத் தாக்கிற்று. மருந்தும் உணவும் சுமந்து கிராமம் கிராமமாக நடந்தார்கள். பருப்புக் கொடுத்த என். எம். பெரேராவைச் சனங்கள் ‘பருப்பு மாத்தயா’ என்றே அழைத்தார்கள். 1936இல் றுவான்வெல்லைத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

பிறகு இரண்டாம் யுத்தம். 1942இல் மலாயா ஜப்பானியரிடம் வீழ்ந்ததும், நேச நாடுகள் இயற்கை றப்பருக்குப் பெரிதும் இலங்கையை நம்பவேண்டியதாயிற்று. மரம் பட்டுப்போனாலும் போகட்டும் என்று கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் பால் வெட்டினார்கள். யுத்த லொறிகளின் டயர்களுக்கு அந்தப் பால் வேண்டியிருந்தது. இருள் பிரியுமுன் மலையேறி, அட்டைக்கடியோடு வாளி சுமந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். துப்பாக்கி தூக்காதவர்கள்தாம், ஆயினும் அந்த யுத்தம் அவர்களது உழைப்பிலும் ஓடிற்று. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.

இன்று மே 19இல் படைவீரர் தினம் அனுட்டிக்கப்படுகிறது. பத்தரமுல்லை நினைவுச் சின்னத்தில் மடிந்தோர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மகனை இழந்த தாய் அங்கே பெயரைத் தேடி விரலால் தடவிப் பார்க்கலாம். அந்த ஆறுதலை நான் குறைத்து மதிக்கமாட்டேன்.

நம் தோட்டங்களில் ‘பேர்’ என்றால் ஒரு நாட்சம்பளம். காலையிலே செக்றோலில் பேர் விழுந்தால் அன்று அடுப்பெரியும். 1942 முதல் 1945 வரை பால் வெட்டியோரின் பெயர்கள் எழுதப்பட்ட இடம் அந்தச் செக்றோல்தான். பழைய புத்தகங்கள் ஏதேனும் கந்தோர் அலுமாரியிலோ, கணக்கப்பிள்ளை வீட்டுப் பரணிலோ தப்பிக் கிடக்கலாம். கண்டவர்கள், கறையான் அரிக்குமுன் பக்கத்துப் பாடசாலைக்குக் கொடுங்கள். எங்கள் உயர்வகுப்புப் பிள்ளைகள் பெயர்களைப் படியெடுக்கட்டும். கல் நடுவது பிறகு.